வாசல் முதல் வானம் வரை

நுழையும்முன்

வீட்டு வாசலில் தொடங்கும் பயணம் விமானத்தின் இருக்கையைச் சென்றடைவதற்குள் எத்தனை படிகள், எத்தனை வாயில்கள், எத்தனை வரிசைகள்! இயல்பாக நடப்போர் அவற்றை எண்ணுவதில்லை. நடக்க இயலாதவரோ ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த பிறகுதான் பயணத்தைப் பற்றியே சிந்திக்கத் தொடங்குகிறார். விமான நிலையங்கள் அவருக்கு எந்த அளவு வழிவிட்டிருக்கின்றன, சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எங்கே இடறுகிறது என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

மலைக்கு வந்த வழிகள்

பழனிக்குக் கிழக்கே, மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயக்குடி. கொய்யாவால் பெயர்பெற்றது. அங்குள்ள தோட்டங்களில் பறிக்கப்படும் பழம் பெட்டிகளில் அடுக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகும்போது ஊரின் பெயரையும் உடன்கொண்டு செல்கிறது. தைப்பூசக் காலத்தில் காவடி சுமந்தும் நடைப்பயணமாகவும் பழனி நோக்கிச் செல்வோரைக் கண்டு வளர்ந்தவர்கள் அவ்வட்டாரத்து மக்கள். நடந்து சென்று மலையேறுவதே வழிபாட்டின் ஒரு பகுதி என்ற எண்ணம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஆனால், நடக்க இயலாத அடியவர் என்ன செய்வார்? பழனி மலைக்கோவிலுக்குச் செல்லும் படிகள் 693. படிப்பாதையின் செங்குத்தைத் தவிர்த்துச் சுற்றிச்சென்று ஏறும் யானைப்பாதை முதியோர்க்குச் சற்று ஆறுதல் தந்தது. எனினும் கால்கள் ஒத்துழைக்காதோர்க்கு நெடுங்காலம் பிறர் தோளும் டோலியுமே துணை. 1966இல் ‘வின்ச்’ எனப்படும் இழுவை ரயில் வந்தது. 2004இல் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ‘ரோப் கார்’ வந்தது. இவற்றால் மலை ஓரங்குலமும் தாழ்ந்துவிடவில்லை. மலைமேல் நிற்கும் முருகன் கீழிறங்கி வரவும் இல்லை. வழி ஒன்று கூடுதலாக வந்தது. அதனால், அதுவரை அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பியவர்களும் மலைமேல் நின்று வழிபட முடிந்தது.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. பராமரிப்புப் பணிக்காக ரோப் கார் ஆண்டுதோறும் பல நாள்கள் நிறுத்தப்படுகிறது. நடக்க வல்லவர் அந்நாள்களில் படியேறிச் சென்றுவிடுவார். நடக்க இயலாதவர்க்கு எஞ்சியிருப்பது இழுவை ரயில் மட்டுமே. அதுவும் நின்றுபோகுமானால் மலை மீண்டும் 693 படிகளாகிவிடும். ஒரு வசதி ‘இருக்கிறது’ என்பதற்கும் அது ‘இயங்குகிறது’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை, விமான நிலையத்தைப் பற்றிப் பேசும்போதும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

ஏறினார், ஏற்றப்பட்டார்

ஆயக்குடியில் மேல்நிலைக் கல்வி முடித்த மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதால் சக்கர நாற்காலியில் இயங்குபவர். தில்லியில் நடைபெறும் நேர்காணல் ஒன்றுக்கு அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அருகிலுள்ள விமான நிலையங்கள் கோயம்புத்தூரும் மதுரையும். இரண்டும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ தொலைவில் உள்ளவை. இம்மாணவி கற்பனைப் பாத்திரம். அவர் எதிர்கொள்ளப் போகும் தடைகளில் ஒன்றுகூடக் கற்பனையன்று.

தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றை மாணவர் முந்தைய வகுப்புகளிலேயே கற்றிருப்பர். ‘அவர் விமானத்தில் ஏறினார்’ என்பது தன்வினைத் தொடர். ‘அவரை விமானத்தில் ஏற்றினர்’ என்பது பிறவினை. ‘அவர் விமானத்தில் ஏற்றப்பட்டார்’ என்பது செயப்பாட்டுவினை. மூன்றிலும் அவர் இருக்கையை அடைந்துவிடுகிறார். ஆயினும் முதல் தொடரில் அவர் பயணி. இரண்டாம் தொடரில் அவர் செயப்படுபொருள். மூன்றாவதில் எழுவாயாக நின்றாலும் செயல் அவருடையதாக இல்லை. பெட்டியும் ஏற்றப்படுகிறது, படுக்கைச் சுமையும் ஏற்றப்படுகிறது. அணுகல் வசதி என்று இன்று வழங்கப்படும் கருத்தின் உயிர்நிலை இந்த இலக்கண வேறுபாட்டுக்குள் இருக்கிறது. உதவி செய்வோர் எத்துணை அன்புடையவராயினும், பயணி தாமே செய்யக்கூடியதைத் தாமே செய்யும்படி இடத்தை அமைப்பது ஒன்று. அவரைத் தூக்கிச் சென்று சேர்ப்பது வேறொன்று.

முதல் கண்ணி விமான நிலையத்தில் இல்லை. வீட்டு வாசற்படியில் இருக்கிறது. அதைக் கடந்தால் நகரப் பேருந்து. அதன் முதற்படியே முழங்காலுயரம். நாற்காலியோடு ஏறத்தக்க தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. அவை வருவதற்கு மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் உயர்நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. சிற்றூர்களுக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே நம் மாணவி வாடகைச் சிற்றுந்தில்தான் புறப்பட வேண்டும். பேருந்துக் கட்டணத்தைப் போலப் பன்மடங்கு செலவு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

விமான நிலைய வாயிலில் சிற்றுந்து நிற்குமிடத்துக்கும் நடைமேடைக்கும் இடையே ஒரு சாண் உயரமே இருக்கும். அந்த ஒரு சாணுக்குச் சாய்தளம் இல்லையெனில், உள்ளே பல கோடி ரூபாயில் அமைத்த மின்தூக்கிகளால் அவருக்குப் பயனில்லை. சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாகச் சிமெண்டு பூசிவிடுவதும் நம் ஊர்களில் காணக்கூடிய காட்சியே. ஓர் அலகு உயரத்துக்குப் பன்னிரண்டு அலகு நீளம் என்பது நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் ஏற்கும் சரிவு. அரை மீட்டர் உயரத்துக்கு ஆறு மீட்டர் நீளம் வேண்டும். அதனினும் செங்குத்தானால் தாமே சக்கரத்தை உருட்டி ஏறுவது கடினம்; இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழவும் கூடும்.

அடுத்தது பயணப் பதிவு முகப்பு. நின்றுகொண்டிருப்பவரின் மார்பளவில் அமைந்த மேசைக்கு அப்பால் இருக்கும் பணியாளருக்கு, நாற்காலியில் இருப்பவரின் தலை மட்டுமே தெரியும். அதனால் பணியாளர் மாணவியை விட்டுவிட்டு, உடன் வந்தவரிடம் ‘இவங்க பேரென்ன?’ என்று கேட்கிறார். மேசையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி அமைத்தால், முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பு உண்டாகும். தச்சர் ஒருவர் ஒரு நாளில் முடித்துவிடும் வேலை அது.

இங்கேதான் பெரும்பாலோர் அறியாத ஓர் இழப்பும் நேர்கிறது. மாணவியின் சொந்த நாற்காலியைச் சுமையாகப் பெற்றுக்கொண்டு, நிலையத்துக்குரிய நாற்காலியில் அவரை மாற்றி அமர்த்துவது வழக்கமாக இருக்கிறது. சொந்த நாற்காலி அவருடைய உடலளவுக்குப் பொருந்தியது. அழுத்தப்புண் வராமல் காக்கும் மெத்தை உடையது. பெரிய சக்கரங்களைக் கையால் உருட்டி அவர் விரும்பிய திசையில் போகத்தக்கது. நிலையத்தின் நாற்காலியோ பெரும்பாலும் பிறர் தள்ளினால் மட்டுமே நகரும். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் அவர் இனி ஆள் தேட வேண்டும். தள்ளுபவர் வேறோர் அழைப்புக்காகப் போய்விட்டால், விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும். நாற்காலி உரிய அளவினதாக இருந்தால் அதிலேயே செல்லப் பயணிக்கு விருப்புரிமை உண்டு என நம் நாட்டு விதி கூறுகிறது. கேட்டுப் பெறுவோர் சிலரே.

தெரிந்து தெளிவோம்

ஆயக்குடியையும் ஆய்க்குடியையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் உண்டு. ஆயக்குடி பழனி வட்டாரத்தது. ஆய்க்குடி தென்காசி மாவட்டத்தது. ஆய்க்குடியில் 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கப்பட்டது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது முதுகுத்தண்டில் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மூன்றரை மீட்டர் உயரம்

எல்லாக் கண்ணிகளும் சரியாக அமைந்து மாணவி விமானத்தை நெருங்கிவிட்டார் எனக் கொள்வோம். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் ஏர்பஸ் 320 வகை விமானத்தின் கதவு, தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பு கண்ட கணக்குப்படி அதற்குச் சாய்தளம் அமைத்தால் நாற்பது மீட்டருக்கு மேல் நீளும். எனவே மூன்று வகைத் தீர்வுகள் வழக்கில் உள்ளன. நிலையக் கட்டடத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் ‘ஏரோபிரிட்ஜ்’ என்னும் கூண்டுப்பாலம் அவற்றுள் சிறந்தது. எல்லாப் பயணிகளும் அதிலேயே செல்வதால் ஒருவரைப் பிரித்துக் காட்டுவதில்லை. பாலம் இல்லாத இடங்களில், ஓரறையை அப்படியே மேலே உயர்த்திக் கதவோடு பொருத்தும் ‘ஆம்புலிஃப்ட்’ ஊர்தி பயன்படுகிறது. சில நிறுவனங்கள் படிக்கட்டுக்கு மாற்றாக மடிந்து மடிந்து ஏறும் நீண்ட சாய்தளத்தைக் கதவுவரை நிறுத்துகின்றன.

இம்மூன்றும் இல்லாதபோது நிகழ்வதுதான் நான்காவது. இரண்டு மூன்று பணியாளர்கள் நாற்காலியோடு பயணியைத் தூக்கிப் படிகளில் ஏறுகின்றனர். மழைநாளில் படி வழுக்கும். தூக்குவோரில் ஒருவரின் பிடி நழுவினால் என்னாகும் என்ற அச்சத்தோடு, எல்லாப் பயணிகளும் பார்த்துக்கொண்டிருக்க, வளர்ந்த ஒருவர் குழந்தையைப் போல மேலே கொண்டுசெல்லப்படுகிறார். பழனியின் டோலி நினைவுக்கு வருகிறது.

கதவைத் தாண்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். விமானத்தின் இடைவழியோ ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். ஆகவே கதவருகே ஒடுங்கிய இடைவழி நாற்காலிக்கு மாறி, பட்டைகளால் உடலைக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி இழுத்துச் செல்லப்பட்டு, இருக்கையருகே மீண்டும் ஒருமுறை மாற வேண்டும். இருக்கையின் இடைவழிப் பக்கக் கைப்பிடி உயர்த்தத்தக்கதாக இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து அமர்ந்துவிடலாம். அது அசையாததாயின் அதற்கு மேலாகத் தூக்கி அமர்த்த வேண்டியதுதான். ஒரு கீலைப் பொருத்துவதா விடுவதா என்று தொழிற்சாலையில் எடுக்கப்படும் முடிவு, பல்லாயிரம் கல் தொலைவில் ஒரு மனிதரின் உடலைப் பிறர் தொடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோர் உண்டு. ஆயினும் பேசாமல் விடுவது நேர்மையாகாது. ஒற்றை இடைவழி கொண்ட விமானங்களின் கழிப்பறைக்குள் உதவியாளரோடு நுழைவது ஏறத்தாழ இயலாத செயல். அதனால், பயணத்துக்குப் பல மணிநேரம் முன்பிருந்தே உணவையும் நீரையும் தவிர்ப்பது சக்கர நாற்காலிப் பயணிகள் பலரின் பழக்கமாகிவிட்டது. புதிய ஒற்றை இடைவழி விமானங்களில் இடம் கூட்டிய கழிப்பறை அமைய வேண்டும் என அமெரிக்க அரசு 2023இல் விதி வகுத்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாகும்.

இதற்கிடையே மாணவியின் சொந்த நாற்காலி விமானத்தின் அடிப்பகுதியில், பெட்டிகளுக்கிடையே கிடக்கிறது. மின்கலத்தால் இயங்கும் நாற்காலியாயின் விதிகள் இன்னும் கடுமையானவை. கழற்றத்தக்க லித்தியம் மின்கலத்தின் ஆற்றல் 300 வாட்-மணியை மிகலாகாது, அதனைக் கழற்றிப் பயணியே கையில் வைத்திருக்க வேண்டும். இவை தீ விபத்தைத் தடுக்கும் பொருட்டு எழுந்தவை; தேவையானவை. ஆனால், நாற்காலி முழுதாகத் திரும்பி வரும் என்பதற்கு உறுதி எங்கே? அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 11,000க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளும் மின்னூர்திகளும் உடைந்தோ தொலைந்தோ தாமதமாகவோ பயணிகளைச் சேர்ந்தன என அந்நாட்டு அரசின் கணக்கு காட்டுகிறது. பெட்டி தொலைந்தவர் உடையை இழக்கிறார். நாற்காலி உடைந்தவர் நடையை இழக்கிறார்.

சோதனைக் கூடத்தில்

சுதா சந்திரன் பரதநாட்டியக் கலைஞர். திரைப்பட, தொலைக்காட்சி நடிகை. 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்துக்குப் பின் வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறி ஆடினார். அவருடைய வாழ்க்கையே ‘மயூரி’ என்னும் திரைப்படமாயிற்று. அத்தகைய ஒருவர், 2021 அக்டோபரில் காணொலி ஒன்றின் வாயிலாக நாட்டின் தலைமை அமைச்சருக்கு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொரு முறை விமான நிலையம் செல்லும்போதும் பாதுகாப்புச் சோதனைக்காகத் தம் செயற்கைக் காலைக் கழற்றும்படி கேட்கிறார்கள் என்பதே அவர்தம் குறை. தம்மைப் போன்றோர்க்கு ஓர் அடையாள அட்டை வழங்கலாகாதா என்று வினவினார். சோதனைப் பணியை மேற்கொள்ளும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை அவரிடம் வருத்தம் தெரிவித்தது.

பாதுகாப்புச் சோதனை வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. செயற்கை உறுப்புக்குள்ளும் எதையேனும் மறைக்கக்கூடும் என்ற ஐயம் அடிப்படையற்றதும் அன்று. கேள்வி, சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதே. ஊடுகதிர்க் கருவியும் வெடிபொருள் துகளைக் கண்டறியும் துடைப்புத் தாளும் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது, உடலின் ஒரு பகுதியாகிவிட்ட காலைக் கழற்றச் சொல்வது எளிய வழியாகத் தோன்றுவதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு. மறைவான தனியறையில், அதே பாலினத்தவர் ஒருவர், முதலில் ‘எவ்வாறு சோதித்தால் உங்களுக்கு வசதி?’ என்று கேட்டுத் தொடங்கினால் பாதுகாப்பும் குறையாது, மாண்பும் குறையாது.

இறக்கப்பட்டவர்

2012 பிப்ரவரி 19. ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டார். மூளை முடக்குவாதம் உடையவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பணியாற்றுபவர். கோவாவில் நடைபெறவிருந்த கருத்தரங்கில் பங்கேற்பது அவருடைய நோக்கம். இருக்கையில் அமர்ந்தும்விட்டார். விமானப் பணியாளர்கள் வந்து அவரது நுழைவுச் சீட்டைக் கேட்டனர், கொடுத்தார். பின்பு அவரை இறங்கச் சொன்னார்கள். தாம் பறப்பதற்கு எத்தடையும் இல்லை என்று அவர் எடுத்துரைத்தும் பயனில்லை. அவர் இறங்கினார் என்று எழுதினால் இலக்கணம் பிழைபடாது, உண்மை பிழைபடும். அவர் இறக்கப்பட்டார்.

ஜீஜா கோஷ் உச்சநீதிமன்றத்தை நாடினார். நான்காண்டுகளுக்குப் பின், 2016 மே 12 அன்று, நீதியரசர் ஏ.கே. சிக்ரி, நீதியரசர் ஆர்.கே. அகர்வால் ஆகியோர் அமர்வு தீர்ப்பளித்தது. அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க விமான நிறுவனத்துக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்பு, நிகழ்ந்ததை வெறும் சேவைக் குறைபாடாகக் கருதவில்லை. மனித மாண்பு சார்ந்த உரிமை மீறலாகக் கருதியது. பேருந்தில் ஏறும் உரிமையையும் விமானத்தில் பறக்கும் உரிமையையும் கருணையின் பட்டியலிலிருந்து எடுத்து உரிமையின் பட்டியலில் சேர்த்த தீர்ப்பு என்று இதனைக் கூறலாம்.

அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் புதிய சட்டத்தில் இருபத்தொன்றாயின. அதன் 41ஆம் பிரிவு, பேருந்து நிறுத்தங்கள், தொடர்வண்டி நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் அணுகல் வசதி அமைய வேண்டுமெனக் கூறுகிறது. இதற்கு முன்பே, 2015 டிசம்பர் 3 அன்று, ‘அணுகத்தக்க இந்தியா’ இயக்கத்தை நடுவண் அரசு தொடங்கியிருந்தது. அதன் இலக்குகளுள் விமான நிலையங்களும் அடங்கும்.

எனினும், தீர்ப்புக்குப் பின்னும் நிகழ்வுகள் ஓயவில்லை. 2022 மே மாதம் ராஞ்சியில், சிறப்புத் தேவையுடைய சிறுவர் ஒருவர் அச்சத்தால் பதற்றமுற்றிருந்ததைக் காரணம் காட்டி விமானத்தில் ஏற்ற மறுத்தனர். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. தொடர்ந்து அவ்வாண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. குறைபாட்டைக் காரணமாக்கி எவரையும் ஏற்ற மறுக்கலாகாது. வானில் ஒருவரது உடல்நிலை சீர்கெடக்கூடும் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் அவரை நேரில் பார்த்துப் பறக்கத் தக்கவரா எனக் கூறிய பின்பே முடிவெடுக்க வேண்டும். அதுவரை பணியாளர் ஒருவரின் ஊகமே மருத்துவச் சான்றாக இருந்தது!

உரிமையும் பொறுப்பும்

விமானத் துறையில் ‘இயக்கம் குறைந்த பயணி’ என்னும் வகை, மாற்றுத்திறனாளிகளை மட்டும் குறிப்பதில்லை. மூட்டுவலியால் வருந்தும் பாட்டியும், காலெலும்பு முறிந்த விளையாட்டு வீரரும், பேறுகாலம் நெருங்கிய தாயும் அதில் அடங்குவர். முன்பதிவின்போது இவர்களுக்கெனப் பன்னாட்டளவில் வழங்கும் குறியீடுகள் மூன்று. படியேற முடியும், நெடுந்தொலைவு நடக்க முடியாது என்போர்க்கு ‘டபிள்யூ.சி.எச்.ஆர்.’; படியேற முடியாது, இருக்கை வரை நடக்க முடியும் என்போர்க்கு ‘டபிள்யூ.சி.எச்.எஸ்.’, சிறிதும் நடக்க இயலாதோர்க்கு ‘டபிள்யூ.சி.எச்.சி.’. கடைசி எழுத்து ஒன்று தவறாகப் பதிவானால், ஆம்புலிஃப்ட் வேண்டியவருக்கு வெறும் நாற்காலி மட்டும் வந்து நிற்கும். உதவி தேவைப்படுவோர் 48 மணிநேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதும், நாற்காலி போன்ற துணைக்கருவிகளை 15 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம் என்பதும் நம் நாட்டு விதிகள்.

நாற்காலிக்கான தேவை ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. நீண்ட வரிசையைத் தவிர்க்கும் குறுக்குவழியாக நாற்காலி கேட்போரும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் அமர்ந்த நாற்காலி வேறொருவருக்கு இல்லாமற் போகிறது.

இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு 2024 பிப்ரவரி 12 சான்று. நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு வந்திறங்கினர் ஒரு முதிய கணவனும் மனைவியும். இருவருக்கும் சக்கர நாற்காலி பதிவு செய்யப்பட்டிருந்தது; கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் அமரவைத்துவிட்டு, எண்பது வயதான கணவர் உடன் நடந்தார். காத்திருக்கும்படி கூறினோம், அவர் நடந்து வந்தார் என்றது விமான நிறுவனம். மனைவியைத் தனியே அனுப்ப மனம் ஒப்பாத ஒரு முதியவர் வேறென்ன செய்வார்? குடியேற்றச் சோதனைப் பகுதியில் அவர் மயங்கி விழுந்தார். உயிர் மீளவில்லை. நிறுவனத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. போதிய நாற்காலிகளை வைத்திருக்குமாறு எல்லா நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தல் சென்றது.

இத்தகைய வேளைகளில் எழும் முதல் வினா ‘யார் பொறுப்பு?’ என்பது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் விமானப் பயண அணுகல் சட்டம் பொறுப்பை விமான நிறுவனத்தின்மேல் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இயற்றி 2008 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறை, நிலையத்துக்குள் பயணிக்கு வேண்டிய உதவியை விமான நிலைய நிருவாகத்திடம் ஒப்படைத்தது. அதற்கான செலவை எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்கின்றன. நம் நாட்டில் உதவி நிறுவனத்தின் கடமை, கட்டடம் நிலையத்தின் கடமை, சோதனை பாதுகாப்புப் படையின் கடமை. பயணி இம்மூன்றன் எல்லைக்கோடுகளில் நின்றுகொண்டிருக்கிறார். ஐரோப்பிய முறையில் கேட்க வேண்டிய கதவு ஒன்றே என்பது அதன் பெரும் நன்மை.

விதிகளின் தன்மை குறித்தும் ஒரு திருப்பம் நேர்ந்துள்ளது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், பொது இடங்களையும் போக்குவரத்தையும் அணுகத்தக்கவையாக்க 2017இல் உச்சநீதிமன்றம் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், அணுகல் தொடர்பான விதி வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று கூறியது. கட்டாயம் பின்பற்ற வேண்டிய குறைந்த அளவு நெறிகளைப் பிரித்தெடுத்து வகுக்க நடுவண் அரசுக்கு மூன்று மாதக் காலம் கொடுத்தது. ‘அமைக்கலாம்’ என்னும் வினைமுற்று ‘அமைத்தல் வேண்டும்’ என்று மாறுவதற்கு அந்த வழக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் நடந்தது.

ஆயக்குடி மாணவி தில்லியில் இறங்குகிறார். மற்றப் பயணிகள் எல்லாரும் போன பின்பு, வெறுமையான விமானத்தில் இடைவழி நாற்காலிக்காகக் காத்திருக்கிறார். நேர்காணல் பிற்பகலில். கதவருகே நிற்கும் பணியாளரிடம் அவர் முதலில் கேட்பது, தம் சொந்த நாற்காலி மேலே வந்துவிட்டதா என்பதைத்தான்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியில் சாய்தளம் இருப்பின் அதன் உயரத்தையும் நீளத்தையும் அளவுநாடாவால் அளந்து, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் அளவோடு ஒப்பிட்டு, முடிவைத் தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் அளிக்க.

உங்கள் வீட்டு வாசலிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிலையத்தின் கழிப்பறை வரை சக்கர நாற்காலியில் செல்வதாகக் கொண்டு, வழியில் உள்ள தடைகளை வரிசைப்படுத்தி எழுதுக. எந்தத் தடையை எவர் நீக்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுக.

இப்பாடத்தில் பயின்றுவரும் செயப்பாட்டுவினைத் தொடர்களைத் தொகுத்து, அவற்றைத் தன்வினையாக மாற்றுக. மாற்றும்போது எவ்வெவ் வசதிகள் உடன் அமைய வேண்டியுள்ளன என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.